சாயங்காலம் வரை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. எழுத்து கோணலாக இருந்தால் தப்பாக நினைக்காதே, இடது கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். ஏழு வருஷம் கழித்து எழுதுகிறவள் பகலில் நிதானமாக எழுதியிருக்க வேண்டும். பகலில் தைரியம் வரவில்லை.

உன் முகவரி மாவு மில் லாரிக்காரர் கொடுத்தது. இங்கே துறைமுகத்துக்குக் கோதுமை ஏற்ற வந்தவர், என்னை அடையாளம் கண்டு நின்றார். அப்பாவின் ரொட்டிக் கடைக்கு மூட்டை இறக்கும் அதே ஆள்தான் நீ வேலை செய்யும் இடத்துக்கும் இறக்குகிறாராம். "உங்கக்கா நல்லாத்தான் இருக்கு. மூட்டைக்கு அரைக் கிலோ குறையுதுன்னு என்னைப் பாக்குறப்பல்லாம் சண்டை போடுது" என்றார். அதைக் கேட்டதும்தான் நீ மாறவில்லை என்று நிம்மதி வந்தது.

உன்னோடு பேசக் கூடாது, ஒரே தட்டில் உண்ணக் கூடாது என்பது சபையின் தீர்ப்பு. எழுதக் கூடாது என்று அதில் இல்லை. பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அவருக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. போனால் ஒன்பது மாதம். குழந்தை பிறந்ததை அவர் தந்தியில்தான் தெரிந்துகொண்டார். பெண். இன்றோடு நாற்பது நாள். பிறந்தபோது மூன்று கிலோ, இப்போது மூன்று கிலோ அறுநூறு. பெண் குழந்தை என்பதால் எண்பது நாள் தீட்டு, உனக்குத் தெரியாததா. அதுவரை நான் சபைக்கோ அப்பா வீட்டுக்கோ போகக் கூடாது. எண்பதாம் நாள் முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் அப்பா.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா எனக்கு எப்போதெல்லாம் பால் கொடுத்தாள்? கொடுக்காத நேரம் என்று ஏதாவது இருந்ததா? அம்மா இல்லை, அப்பாவிடம் இதைக் கேட்க முடியாது. உனக்கு நினைவிருந்தால் எழுது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அடுப்பு வெப்பத்தில் உனக்குக் கையில் கொப்புளம் வருமே, இன்னும் வருகிறதா?

உன் தங்கை.


மார்ச் 15

என் எலிக்கு,

மாவு பிசையும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து உதிரும் மாவைத் தின்ற எலிக்கு ஒரு எலிக்குட்டி பிறந்திருக்கிறது. கடிதத்தை நிறுவை மேசையில் வைத்தே படித்தேன். மேஸ்திரி வந்து, "என்ன, மாவுல கண்ணீர் விடுறே? உப்பு ஏற்கெனவே போட்டாச்சு" என்றார். நல்ல மனிதர், வாய்தான் அப்படி.

நான் சுகம். கொப்புளம் இல்லை, ஏனென்றால் அடுப்புப் பக்கம் வேலை இல்லை. எடை போடுகிறேன். ஒரு ரொட்டிக்கு நானூற்றைம்பது கிராம் மாவு, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு துண்டு. இப்போதெல்லாம் தராசு சும்மா சாட்சிக்குத்தான், கையே சொல்லிவிடுகிறது.

நீ கேட்டதற்குப் பதில். உனக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம், எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. நீ அழுதபோது அம்மா கொடுத்தாள். அழாதபோதும் கொடுத்தாள். முழங்கை வரை மாவோடு கொடுப்பாள். உன் காதில் எப்போதும் மாவு காய்ந்திருக்கும். வேறு ஒழுங்கு எதுவும் நான் பார்க்கவில்லை.

ஏன் கேட்டாய் என்று எழுது. பொடிசு நன்றாகக் குடிக்கிறாளா? வீட்டில் துணைக்கு யார்? பக்கத்தில் தொலைபேசி இருந்தால் எண்ணை அனுப்பு.

அப்பா எப்படி இருக்கிறார் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா.


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். காதில் மாவு என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், குழந்தை விழித்துக்கொண்டாள்.

நாங்கள் நலம். மூன்றாம் மாடியில் ஒரு அறையும் சமையலறையும். ஜன்னலைத் திறந்தால் பாரந்தூக்கிகள் தெரியும். துணை என்று தனியாக யாரும் இல்லை. கீழ்வீட்டில் ஒரு தையல்கார அம்மா இருக்கிறார். காலையில் அவருடைய இயந்திரம் ஓட ஆரம்பித்தால் குழந்தை தூங்கிவிடுவாள். அவருக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்க வேண்டும். போன வாரம் தண்ணீர்த் தொட்டியில் பல்லி செத்துக் கிடந்தது. கவனிக்காமல் கையை விட்டுவிட்டேன். உடனே தலைக்குக் குளித்து, துணியெல்லாம் துவைத்து, தொட்டியைத் தேய்த்து முடிக்கும்போது மேலே ஏறி வந்தார். "பல்லி செத்ததுக்கு நீ ஏம்மா தலை முழுகுறே? அது உனக்கு என்ன உறவுமுறை?" என்றார்.

கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது ஒரு சட்டம் போட்ட தாள். எதைத் தொட்டால் எத்தனை நேரம் தீட்டு என்று வேதத்திலிருந்து எடுத்துத் தன் கையாலேயே எழுதியது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இரத்தம் பட்டால், செத்ததைத் தொட்டால், தீட்டானவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தால், எல்லாவற்றுக்கும் "சாயங்காலம் வரை". அப்பாவின் எழுத்து எவ்வளவு அழகு, நினைவிருக்கிறதா.

குழந்தை சமர்த்து. சில நாள் பகல் முழுக்கச் சர்க்கரைத் தண்ணீரே போதும் என்கிறாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு என்னிடம் வந்தால் விடவே மாட்டாள். மூன்று கிலோ எண்ணூறு.

தொலைபேசி இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை.


ஏப்ரல் 8

எலி,

சுகம் விசாரித்துக்கொண்டிருக்க நேரமில்லை, நேராகக் கேட்கிறேன்.

இருபத்தைந்து நாளில் இருநூறு கிராம் ஏறியிருக்கிறாள். எங்கள் தெருவில் ஒரு நர்சம்மா இருக்கிறார், அவரிடம் போய்க் கேட்டேன். முக்கால் கிலோவாவது ஏறியிருக்க வேண்டும் என்றார். "பால் பத்தலையா?" என்று கேட்டார். பால் இருக்கிறது, சாயங்காலம் வரை கொடுப்பதில்லை என்று நான் எப்படிச் சொல்ல? சொன்னால் அவருக்கு விளங்குமா?

வாரத்தில் எத்தனை நாள் இப்படிப் பகலில் கொடுக்காமல் இருக்கிறாய்? உண்மையைச் சொல்.

தீட்டானவள் தொட்டதெல்லாம் தீட்டு என்று தாளில் இருக்கிறது. அதிலிருந்து உன் பாலும் தீட்டு, பிள்ளைக்கும் ஒட்டும் என்று நீயாகவே ஒரு படி மேலே போயிருக்கிறாய். அப்பாகூட அப்படி எழுதவில்லை. நம் வீட்டில் வளர்ந்தவளுக்குத்தான் இந்தப் புத்தி வரும். எனக்கும் வந்திருக்கும், அதனால்தான் கண்டுபிடித்தேன்.

பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு இருந்த ஒரு பெண், கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாளே. நம் சபைக் கணக்குப்படி அந்த நிமிஷமே அவர் அல்லவா தீட்டாகியிருக்க வேண்டும்? சாயங்காலம் வரை யாரையும் தொடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் என்ன செய்தார்? நேராகப் போய்ச் செத்துக் கிடந்த ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினார். அவளுடைய தீட்டு அவருக்கு ஒட்டவில்லை. அவரிடம் இருந்தது அவளுக்கு ஒட்டியது. அவர் வந்த பிறகு எது எதற்கு ஒட்டும் என்பதே தலைகீழாகிவிட்டது. நீ இன்னும் பழைய தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

தாளைக் கழற்று. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. எழுது.

அக்கா.


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீ வெளியே இருக்கிறாய். வெளியே இருப்பவளுக்கு எல்லாம் சுலபம். கழற்று, கொடு, போ. எனக்கு இன்னும் ஒரு அப்பா இருக்கிறார். பாவம் செய்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உனக்கு நடந்ததைத்தான் பார்த்தேன்.

எண்பதாம் நாள் நான் போகவில்லை. குழந்தைக்குச் சளி என்று சொல்லியனுப்பினேன். சபை வாசலில் கண்காணி ஒரு கேள்வி கேட்பார், உனக்கு மறந்திருக்காது. "உன்னிடத்தில் மறைத்துவைத்த புளிப்பு உண்டா?" இல்லை என்று சொன்னால்தான் உள்ளே போகலாம். கண்காணி அப்பாதானே, அதை அவரே கேட்பார். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதற்குப் பதில் சொல்ல முடியாது. காரணம் கேட்காதே.

அதனால் எண்பது நாளும் செல்லாது என்று எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை ஒரு பிழையும் இல்லாமல் காத்துவிட்டால் ஒருவேளை அதற்கும் சேர்த்து ஈடாகிவிடும்.

கீழ்வீட்டு அம்மாவும் உன்னைப் போலத்தான் பேசுகிறார். "பசிக்கிற பிள்ளைக்கு நேரம் காலம் ஏதும்மா? வயித்துக்குள்ள கடிகாரமா இருக்கு?" என்று நேற்று படியில் நின்று சத்தம் போட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தங்கை.


மே 4

என் எலிக்கு,

நீ எடையை எழுதவில்லை. கவனித்தேன்.

கோபமாகவாவது எழுதினாயே, அது போதும். நானும் அந்தத் தொனியில் எழுதியிருக்கக் கூடாது. வெளியே இருப்பது சுலபம் என்கிறாய். எவ்வளவு சுலபம் என்று சொல்கிறேன், கேள்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். அம்மா போன மூன்றாம் மாதம். புளிப்பை அகற்றும் வாரம். ரொட்டிக் கடைக்காரர் வீட்டில் வருஷம் முழுக்கப் புளித்த மாவு இருக்கும், அந்த ஒரு வாரம் மட்டும் ஒரு துளி இருக்கக் கூடாது. அம்மா தினம் மாவு போட்டு வளர்த்த புளிப்பு ஜாடியையும் எரிக்கச் சொன்னார் அப்பா. எரித்தாயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான்காம் நாள் என் தகரப் பெட்டியிலிருந்து வாடை வந்தது. திறந்தால் ஜாடி பொங்கி, மூடி தெறித்து, என் நல்ல சேலையெல்லாம் மாவு. புளித்த மாவை ஒளித்துவைக்க முடியாது, அது வளர்ந்து வெளியே வந்தே தீரும். சபைக்கு முன்னால் அப்பா கேட்டார். நான்தான் என்றேன். அன்று சாயங்காலமே ஜாடியோடு வெளியே.

வந்த முதல் வருஷம் நான் உன்னைவிட மோசம். என்னை யாரும் கட்டிப்போடவில்லை, நானே கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அலைந்தேன். அந்த வாரம் வந்ததும் பயத்தில் இந்தப் பேக்கரியிலிருந்த ஈஸ்ட் டப்பா அத்தனையும் சாக்கடையில் கொட்டிவிட்டேன். மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ரொட்டிக் கடையில வந்து ஈஸ்டைக் கொட்டுறியே, உன்னை மீன் கடையில விட்டா மீனையெல்லாம் கடல்ல விட்டுட்டு வருவியா?" என்றார். வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. "நாளைக்கு நேரத்தோட வா" என்றார், அவ்வளவுதான். நான் இரவெல்லாம் தண்டனைக்குக் காத்திருந்தேன். காலையில் வேலைதான் காத்திருந்தது. கிருபை என்ற சொல்லை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று பார்த்தேன். கட்டளையை நிறைவேற்றி முடித்தவர் ஒருவர் இருக்கிறார், நான் அதை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை என்று புரிய இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

அப்பா புளிப்பு என்றால் பாவம் என்று மட்டும் சொல்வார். ஒரு பெண் மாவில் அடக்கிவைத்த புளிப்பைப் பரலோக ராஜ்யத்துக்கே ஒப்பாகச் சொன்ன உவமையும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை.

அம்மாவின் ஜாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. தினம் ஒரு பிடி மாவு போடுகிறேன். உயிரோடிருக்கிறது.

உன்னைப் பற்றி அப்பாவுக்கு எழுதினேன். ஏழு வருஷத்தில் முதல் கடிதம். பிள்ளைக்குப் பகலில் பால் கொடுக்காமல் இருக்கிறாள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்று. உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்துவிட்டது.

எடையை எழுது. இந்த ஒன்றையாவது செய்.

அக்கா.


மே 13

அக்கா,

மணி ஒன்றுக்கு மேல். நலம் என்று எழுதப் பேனா வரவில்லை.

நேற்றுக் காலை கீழ்வீட்டு அம்மா நூல்கண்டுக் கூடையோடு மாடிக்கு வந்துகொண்டிருந்தார். குழந்தைக்கு ஒரு சட்டைக்கு அளவெடுக்க வேண்டுமாம். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்லம்மா, மூச்சு வாங்குது, கொஞ்சம் பிடிச்சுக்க" என்றார். பிடித்தேன். தலை சாய்ந்ததும் மடியில் வைத்துக்கொண்டேன். யாரோ ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அவருடைய மகன் வரும்வரை மடியை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். எடுக்காததற்காக நான் வருத்தப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிணத்தைத் தொட்டால் சாயங்காலம் வரை இல்லை. ஏழு நாள்.

இன்று இரண்டாம் நாள் ஆரம்பித்துவிட்டது. பால் பொடி கரைத்துக் கரண்டியில் கொடுக்கிறேன். பாதியைத் துப்பிவிடுகிறாள். பிறகு சர்க்கரைத் தண்ணீர். மூன்று கிலோ எழுநூறு. போன மாதம் எண்ணூற்றைம்பது இருந்தது. எழுதக் கூசியது.

நீ ஜாடி உன்னிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அக்கா, ஜாடியை உன் பெட்டியில் வைத்தது நான். எரிக்க என்னிடம்தான் கொடுத்தார்கள். ஜாடியின் கழுத்தில் அம்மாவின் மாவு விரல் பட்ட தடம் காய்ந்து அப்படியே இருந்தது. என்னால் முடியவில்லை. என் பெட்டிக்குப் பூட்டு இல்லை, உன்னுடையதற்கு இருந்தது, சாவி இருக்கும் இடமும் எனக்குத் தெரியும். பொங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சபையில் நீ "நான்தான்" என்றபோது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதினாறு வயது. வாயைத் திறக்கவில்லை. நீ நடந்து போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மறைத்துவைத்த புளிப்பு உண்டா என்றால் எனக்கு உண்டு. அதற்குத்தான் இந்தப் பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறது. நான் ஒழுங்காகக் காக்காவிட்டால் கர்த்தர் இவளையும் எடுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். காத்தாலும் இளைக்கிறாள். என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஏழு நாளை எப்படியாவது ஓட்டிவிடுவேன்.

தங்கை.


தந்தி, மே 15

ஜாடி விஷயம் அன்றே தெரியும். பால் கொடு. இன்றே புறப்படுகிறேன். அக்கா.


ஜூன் 3

சகோதரிக்கு,

சபையின் கண்காணி என்ற முறையில் எழுதுவது.

எண்பது நாள் நிறைவேறியும் நீ சுத்திகரிப்புக்கு வரவில்லை. சபையிலிருந்து விலக்கப்பட்டவள் உன் வீட்டில் ஆறு நாள் தங்கியதாகவும், நீ அவளோடு உண்டதாகவும், பிணத்தைத் தொட்ட தீட்டுக்கு ஏழு நாள் காக்கவில்லை என்று நீயே வாயால் ஒத்துக்கொண்டதாகவும் துறைமுகத்துக்கு வந்துபோன ஒருவர் மூலம் அறிந்தோம். மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். நீ வாசலில் வந்து நின்று வழக்கமான கேள்விக்குப் பதில் சொல்லும்வரை உனக்கும் இந்தச் சபைக்கும் ஐக்கியம் இல்லை. இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் தீர்ப்பு நிலைநிற்கும். உன் கணவருக்கும் தெரிவிக்கப்படும்.

கர்த்தர் உனக்கு உணர்வைத் தருவாராக.

கண்காணி.

குழந்தை இப்போது பால் குடிக்கிறதா.


ஜூன் 9

என் அன்பு அக்காவுக்கு,

இன்றும் தாமதமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் இது வேறு தாமதம். பால் கொடுத்துக்கொண்டே எழுதுவதால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. நான் நலம். பொடிசு நலம். நீ ரயிலில் இருமிக்கொண்டே போனாயே, சரியாகிவிட்டதா?

நீ இங்கிருந்த ஆறு நாளும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடியதில் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். உன் தந்தியைப் பார்த்துத்தான் நான் பால் கொடுத்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. அது நான்காம் நாள் மதியம். கீழே தையல் இயந்திரம் ஓடவில்லை, வீடே அமைதியாக இருந்தது. பொடிசு அழவில்லை. அழுது ஓய்ந்தாள் என்றும் சொல்ல முடியாது. அழாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கொண்டுபோனால் வாயைத் திறக்கக்கூட இல்லை. நான் சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். ஏழு நாள் என்று அப்பாவின் அழகான எழுத்தில் இருந்தது. எட்டாம் நாள் நான் சுத்தமாக இருப்பேன், பிள்ளை இருக்க மாட்டாள் என்று தோன்றியது.

விசுவாசத்தோடு எடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தண்டனை வருவதானால் எனக்கு வரட்டும் என்றுதான் எடுத்தேன். முதலில் பிடிக்கத் தெரியாமல் முகத்தை உரசினாள். பிறகு விழுங்கும் சத்தம் கேட்டது. என் தீட்டு அவளுக்குள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன் அக்கா. அரை மணி நேரம் பார்த்தேன். அவள் காது மடல்தான் மெல்லச் சிவந்தது. நீ எழுதியிருந்தாயே, எது எதற்கு ஒட்டும் என்பது தலைகீழாகிவிட்டதென்று. அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போதுதான் அழுதேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் தட்டினார்கள். தண்டனை வந்துவிட்டது என்று நினைத்தேன். தந்திக்காரர்.

ஜாடி விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டபோது, "மூடியில கட்டியிருந்தது உன் பள்ளிக்கூட ரிப்பன்டி. அப்பா பாக்குறதுக்குள்ள அவுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன்" என்று ஏதோ பால் கணக்குச் சொல்வதைப் போலச் சொன்னாய். எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாயே என்று நான் உன் காலைப் பிடிக்க வந்தபோது உதறிவிட்டாய். "எந்திரிடி. நான் எப்படா வெளிய போகலாம்னு வழி பாத்துட்டிருந்தவ. நீ கதவைத் திறந்து விட்டே, அவ்வளவுதான். பழியைச் சுமக்குற வேலைக்கு ஏற்கெனவே ஒருத்தர் வந்து முடிச்சிட்டுப் போயிட்டார். எனக்கு ரொட்டி வேலை இருக்கு." அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். பாதி பொய் என்றும் தெரியும். போகிறவள் ஏன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாய்?

இப்போது புதுச் செய்தி. அப்பாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கண்காணி என்று கையெழுத்துப் போட்டு. லாரிக்காரர் சும்மா இருப்பாரா, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இந்த மாதத்துக்குள் வாசலில் நின்று கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் நானும் வெளியே. படித்து முடித்தபோது பயம் வந்தது, மறைக்கவில்லை. விடுதலையானவளுக்குப் பயம் வராது என்று யார் சொன்னது?

ஆனால் கடிதத்தின் அடியில், கையெழுத்துக்குக் கீழே, பென்சிலில் ஒரு வரி இருக்கிறது. "குழந்தை இப்போது பால் குடிக்கிறதா." கேள்விக்குறிகூட இல்லை.

பால் குடிக்காதது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? நீ இங்கே வந்த பிறகு நடந்ததைத்தான் லாரிக்காரர் அறிவார். அதற்கு முந்தியதை நீ ஒரே ஒரு கடிதத்தில்தான் அவருக்கு எழுதினாய், அது பிரிக்காமல் திரும்பி வந்தது. அந்த உறையை இங்கே மேசையில் விட்டுப் போயிருந்தாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ கோந்தில் ஒட்டுகிறவள். மடிப்பில் காய்ந்திருப்பது மைதாப் பசை. ரொட்டி உறைகளுக்குச் சீட்டு ஒட்ட அப்பா காய்ச்சுவாரே, அது. பிரித்துப் படித்திருக்கிறார். படித்துவிட்டுத் திரும்ப ஒட்டி, படிக்காததைப் போல அனுப்பியிருக்கிறார்.

அக்கா, மறைத்துவைத்த புளிப்பு அந்த வீட்டில் நம் இரண்டு பேருக்கு மட்டும் இல்லை.

வாசலில் போய் நிற்கப்போவதில்லை. பதிலைக் கடிதமாக எழுதிவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஜாடியை வைத்தது நான், அக்கா இல்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். சபையில் வாசிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். இப்போதும் புளிப்பு உண்டா என்றால், உண்டு. நீ பாதி பிரித்துக் கொடுத்துவிட்டுப் போன மாவு ஜன்னல் ஓரத்தில் கண்ணாடிப் பாத்திரத்தில் இருக்கிறது. தினம் ஒரு பிடி போடுகிறேன். இருக்கிறது, ஆனால் மறைத்துவைக்கவில்லை என்று எழுதினேன். கட்டளையைக் காத்து என் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்தேன், முடியவில்லை, கிறிஸ்து காப்பதை நம்பி இனி இருக்கப்போகிறேன் என்றும் எழுதினேன். அந்த வாக்கியத்தை மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறேன். இன்னும் எனக்கு முழுக்கப் பழகவில்லை. செத்த பூச்சியைப் பார்த்தால் கண் தானாகச் சுவருக்குப் போகிறது. தாள் இருந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கிறது.

கடைசியில் அவருடைய பென்சில் வரிக்கும் பதில் எழுதினேன். குடிக்கிறாள். நான்கு கிலோ எழுநூறு.

உறையை இன்னும் ஒட்டவில்லை. அந்தத் தாளில் கீழே இரண்டு விரல் அளவு இடம் விட்டிருக்கிறேன். நீ ஒரு வரி எழுது, வெட்டி அதில் ஒட்டி அனுப்புகிறேன். கோபமாக எழுதினாலும் சரி. சுகமா என்று மட்டும் கேட்டாலும் சரி. நீ எழுத மாட்டேன் என்றால் அதையும் எனக்குச் சொல், இடத்தைக் காலியாகவே விட்டு அனுப்புவேன்.

மாதம் முடிய இருபத்தொரு நாள் இருக்கிறது, கடிதம் உன்னிடம் வரவும் என்னிடம் திரும்பவும் நாலு நாள் போய்விடும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

உன் எலி.